பாரம் சுமக்கும் இரண்டு ரயர்கள்



குளிர் விலகி வெயில் எட்டிப் பார்த்தால் போதும், எங்கள் பெடியளுக்கும் பெடியள் வயதைக் கடந்தவர்களுக்கும் மோட்டார்சைக்கிள் நினைப்பு வந்துவிடும். அதிலும் பிள்ளைகள் வளர்ந்து வீட்டுக்கடன் குறைந்த பிறகு, மனைவியைப் பின்னால் இருத்தித் தூரப்பயணம் போகவென்று பெரிய மோட்டார்சைக்கிள் வாங்குபவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இன்றைய பேச்சு.

2023 வசந்தத்தில் என் தங்கையின் கணவர் பழைய ஹொண்டா கோல்ட்விங் ஒன்று வாங்கினார். 2008ஆம் ஆண்டு மொடல், 1800 சீசீ. ஸ்காபரோவிலிருந்து மொன்றியலுக்குத் தங்கையையும் ஏற்றிப் போகப்போவதாகச் சொன்னார். நான் குனிந்து பின்ரயரின் பக்கத்தைப் பார்த்தேன். டொட் என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு இலக்கம் 1412 என்றிருந்தது. அதாவது 2012ஆம் ஆண்டின் 14ஆவது கிழமையில் செய்யப்பட்ட ரயர். வயது பதினொன்று.

"மாத்த வேணும்" என்றேன்.

"என்ன மச்சான், வெட்டு எவ்வளவு ஆழமாக் கிடக்குப் பாருங்கோ. சும்மா ஏன் காசைக் கரைப்பான்?" என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை இருந்த யாழ்ப்பாணத்தில் நாங்கள் இரண்டு பேரும் மோட்டார்சைக்கிள் ஓடியவர்கள். பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடினோம். வெடித்த ரயருக்குள்ளே பழைய ரயர்த்துண்டை வைத்து ஓடினோம். அந்தச் சிக்கனம் எங்களைக் காப்பாற்றியது. ஆனால் அது 90 சீசீ சைக்கிள், குண்டும் குழியுமான வீதி, மெதுவான ஓட்டம். இது 401ஆம் நெடுஞ்சாலை.

கணக்கைப் பாருங்கள். 2001 முதல் 2017 வரை வந்த கோல்ட்விங்குக்கு முன்ரயர் 130/70ஆர்18, பின்ரயர் 180/60ஆர்16. அளவுக்குப் பின்னால் 63எச், 74எச் என்று போட்டிருக்கும். 63 என்றால் அந்த ரயர் 272 கிலோ தாங்கும். 74 என்றால் 375 கிலோ. எச் என்பது மணிக்கு 210 கிலோமீற்றர் என்ற வேக எல்லை. இரண்டும் சேர்ந்து 647 கிலோ. பெற்றோல் நிரப்பிய வண்டியே 400 கிலோவைத் தாண்டும். இரண்டு பேருக்கு 150 கிலோ, பெட்டிகளில் 25 கிலோ வைத்தால் 575. பாரத்தில் பெரும்பகுதி பின்ரயரில்தான் விழும். மிச்சம் இருக்கும் இடைவெளி கொஞ்சம். ஆகவே அளவு சரியாக இருந்தாலும் பாரத்தின் எண் குறைந்த ரயரை மலிவு என்று வாங்கக்கூடாது.

அந்தத் தாங்குசக்தியும் காற்று சரியாக இருந்தால்தான். இந்த மொடலுக்கு முன்னுக்கு 36, பின்னுக்கு 41 பி.எஸ்.ஐ. ஓடி வந்த சூட்டில் பார்க்காமல், காலையில் ரயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். காற்றுக் குறைந்தால் ரயரின் பக்கம் மடிந்து மடிந்து சூடேறும். ரயர் வெடிப்பதற்கு அந்தச் சூடு பெரிய காரணம்.

வயதுக்கு வருவோம். கராஜில் சும்மா நின்றாலும் றப்பர் முதிரும், இறுகும், வெடிக்கும். ஐந்து வருடம் கடந்தால் வருடந்தோறும் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பத்து வருடமானால் வெட்டைப் பார்க்காமல் கழற்றுங்கள். புதிது வாங்கும்போதும் கடையிலேயே அந்த நான்கு இலக்கத்தைப் பாருங்கள். நெடுஞ்சாலையில் நேராகவே ஓடுவதால் இந்த வண்டிகளின் ரயர் நடுவில் தட்டையாகத் தேயும். ஓரத்து வெட்டைப் பார்த்து ஏமாறவேண்டாம். முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே கொம்பனியின் சோடியாகப் போடுவது நல்லது.

சிலர் பின்னுக்குக் கார் ரயர் போடுகிறார்கள். கூடக்காலம் உழைக்கும், விலையும் குறைவு என்பது உண்மை. ஆனால் மோட்டார்சைக்கிள் வளைவில் சாய்ந்து ஓடுவது. அதற்காகத்தான் அதன் ரயர் உருண்டையாக இருக்கிறது. கார் ரயர் தட்டை. றிம்மைக் கவ்வும் விளிம்பும் வேறு. ரயர் செய்பவர்களே அதை ஏற்றுக்கொள்வதில்லை. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்கும் கேள்வியும் அதுவாக இருக்கலாம்.

இவ்வளவும் சொன்னபிறகும் மச்சான் யோசித்தபடி நின்றார். தங்கைதான் கேட்டாள்: "அண்ணா, உந்த ரயரில நீங்கள் என்னை ஏத்திக்கொண்டு போவீங்களோ?"

நான் பேசவில்லை. மச்சான் திறப்பை எடுத்து என் கையில் தந்தார்.

பழைய ரயரைக் கழற்றி உட்பக்கத்தை அவருக்குக் காட்டினேன். வெளியில் மினுங்கிய ரயர் உள்ளே விளிம்போரமாகச் சுற்றிவர வெடித்திருந்தது. அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

புது ரயர் போட்டால் முதல் 150 கிலோமீற்றர் மெதுவாக ஓடுங்கள். புதுறப்பர் வழுக்கும். அவர்களும் இரண்டு நாள் பக்கத்து வீதிகளில் ஓடிவிட்டுத்தான் மொன்றியல் போனார்கள், பத்திரமாகத் திரும்பியும் வந்தார்கள்.

நேயர்களே, மிச்சம் பிடிக்க வேறு எத்தனையோ இடம் இருக்கிறது. இந்த வருடம் வண்டியை வெளியே எடுக்கமுன் ஒருதரம் குனிந்து அந்த நான்கு இலக்கத்தை வாசியுங்கள்.