பேரப்பிள்ளையுடன் நெடும்பயணம்: உங்களுக்கும் ஒரு பட்டியல் வேண்டும்

(மூத்த குடியிருப்பாளர்களுக்காகச் சமூக மன்றம் ஒன்றில் தாதி ஒருவர் ஆற்றிய உரை)



உங்களில் எத்தனை பேர் மகன் அல்லது மகள் குடும்பத்தோடு தூர நாட்டுக்குப் போய் வந்திருக்கிறீர்கள்? கையை உயர்த்துங்கள். பரவாயில்லை, பாதிக்கு மேல் இருக்கிறீர்கள். இன்னும் போகாதவர்களுக்கும் ஒரு நாள் அந்த அழைப்பு வரும். “அம்மா, ஜூன் விடுமுறையில் லண்டன் போகிறோம். நீங்களும் வாங்க. பாப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இருந்தால் நல்லது.” பேரப்பிள்ளையோடு இருக்க யாருக்குத்தான் ஆசை இல்லை? உடனே சரி என்று சொல்லிவிடுவீர்கள்.

பிறகு வீட்டில் பட்டியல் தொடங்கும். அணையாடை, பால்மாவு, பால்புட்டி, மாற்றுடை, கம்பளிச் சட்டை, பிடித்த பொம்மை. எல்லாம் குழந்தைக்கு. உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், “எனக்கு என்ன, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்வீர்கள். என் அம்மாவும் அப்படித்தான் சொன்னார்.

என் மகனுக்கு அப்போது பதினான்கு மாதம். லண்டனில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குக் குடும்பமாகப் போனோம். நான் தாதி. குழந்தைக்கு என்னென்ன வேண்டும் என்று மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன். அறுபத்தெட்டு வயது அம்மாவுக்கு நான் ஒரு வரிகூட எழுதவில்லை.

போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள், விடியற்காலை நான்கு மணி. நமக்கு அது காலை பதினொரு மணி. பையன் விழித்துக்கொண்டான். அம்மாவும் அவனும் ஒரே அறையில் படுத்திருந்தார்கள். அம்மா குளியலறைக்குப் போய்த் திரும்பும்போது, கட்டில் அருகே இருந்த மாத்திரைப் பெட்டி திறந்து கிடந்தது. மாத்திரைகள் தரையில் சிதறிக் கிடந்தன. எண்ணிப் பார்த்தோம். சர்க்கரை நோய்க்கான மாத்திரை ஒன்று குறைந்தது.

உடனே 999க்கு அழைத்தோம். மருத்துவமனையில் ஒரு நாள் முழுவதும் கண்காணித்தார்கள். நடுவில் அவனுடைய சர்க்கரை அளவு இறங்கியது, குளுக்கோஸ் ஏற்றினார்கள். மறுநாள் சிரித்துக்கொண்டே வீடு திரும்பினான். ஆனால் என் அம்மா அதற்குப் பிறகு பல நாள் அவனைத் தூக்கவே தயங்கினார். “என்னால்தானே” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவரால் அல்ல. அவருடைய மருந்து எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று நாங்கள் யாருமே யோசிக்கவில்லை.

அதனால்தான் இன்று உங்களிடம் பேசுகிறேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகும் நீங்களும் ஒரு பயணிதான். பட்டியலில் உங்களுக்கும் ஒரு பக்கம் வேண்டும். உங்கள் பக்கம் சரியாக இருந்தால் குழந்தைக்கும் பாதுகாப்பு.

ஆறு வாரங்களுக்கு முன்பே தொடங்குங்கள்

முதலில் உங்கள் குடும்ப மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ நாடுங்கள். பயணத்துக்கு நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு முன் போவது நல்லது. தடுப்பூசி போட்டாலும் உடலில் பாதுகாப்பு உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் ஆண்டுதோறும் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் தடுப்பூசி போட்டாயிற்றா என்றும் கேளுங்கள்.

குழந்தையின் தடுப்பூசிப் பதிவை ஹெல்த்ஹப் செயலியில் பார்க்கலாம். சிங்கப்பூரில் தட்டம்மைத் தடுப்பூசியின் முதல் தவணை 12 மாதத்திலும் இரண்டாம் தவணை 15 மாதத்திலும் போடப்படுகிறது. குழந்தைக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை என்றால், பயணத்துக்கு முன் என்ன செய்யலாம் என்று மருத்துவரைக் கேட்கும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள்.

உங்கள் மருந்துகளின் பெயரும் அளவும் எழுதிய கடிதம் ஒன்றை மருத்துவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். தூக்க மாத்திரை, கடுமையான வலிநிவாரணி போன்றவற்றுக்குப் பல நாடுகளில் கட்டுப்பாடு உண்டு. பயண நாட்களுக்குத் தேவையானதைவிட ஒரு வார மருந்து கூடுதலாக இருக்கட்டும்.

இன்சுலின் போடுபவர்கள் நேர மாற்றத்தைப் பற்றி அவசியம் கேளுங்கள். லண்டன் மேற்கே இருக்கிறது. ஜூன் மாதத்தில் அங்கே நம்மைவிட ஏழு மணி நேரம் பின்தங்கியிருக்கும். அதாவது புறப்படும் நாள் உங்களுக்கு ஏழு மணி நேரம் நீளும். எந்த ஊசியை எப்போது போடுவது என்பதை மருத்துவர் தாளில் எழுதித் தரட்டும். நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

பயணக் காப்புறுதியும் முக்கியம். வெளிநாட்டில் மருத்துவமனையில் சேர்ந்தால் மெடிஷீல்டு லைஃப் திட்டத்தை நம்பியிருக்க முடியாது. காப்புறுதி எடுக்கும்போது உங்களுக்கு இருக்கும் நோய்களை மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால் பணம் கிடைக்காமல் போகலாம்.

இன்னொன்று. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தை பெரியவர் மடியில் பயணம் செய்யலாம். இரண்டு வயது ஆகிவிட்டால் தனி இருக்கை வேண்டும். பயணத்தின் நடுவில் இரண்டாவது பிறந்தநாள் வருகிறதா? அப்படியானால் திரும்பி வரும்போது தனி இருக்கை தேவை. இதை இப்போதே மகனுக்கோ மகளுக்கோ நினைவூட்டுங்கள்.

கைப்பையில் என்ன இருக்க வேண்டும்?

உங்கள் மருந்து முழுவதும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெரிய பெட்டி வழியில் தவறலாம். விமானத்தின் அடித்தளத்தில் இன்சுலின் உறைந்து கெட்டுப்போகவும் வாய்ப்புண்டு. குழந்தையின் பாலும் உணவும், உங்கள் இன்சுலினும் 100 மில்லிலிட்டர் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை அல்ல. பயணத்துக்குத் தேவையான அளவு கொண்டுபோகலாம். சோதனை இடத்தில் முன்கூட்டியே எடுத்துக் காட்டுங்கள்.

மருந்துப் பையும் குழந்தைப் பையும் வேறு வேறாக இருக்கட்டும். இதை மறக்கவே வேண்டாம். அணையாடை எடுக்கப் பையைத் திறக்கும்போது குழந்தையின் கை முதலில் போவது கலகலவென்று ஒலிக்கும் மாத்திரைப் பெட்டிக்குத்தான். திங்கள், செவ்வாய் என்று பிரித்த பெட்டி நமக்கு வசதி, ஆனால் அதைக் குழந்தை எளிதில் திறந்துவிடும். பயணத்தில் மருந்தை அதன் அசல் அட்டையிலேயே வையுங்கள். அந்த அட்டைகளைப் பூட்டக்கூடிய சிறு பையில் போட்டு மேல்தட்டில் வைத்துவிடுங்கள். வேளைக்கு உரிய மாத்திரையை மட்டும் எடுங்கள்.

அன்போடு கட்டிக்கொடுக்கும் பலகாரத்திலும் கவனம் தேவை. இங்கிருந்து பிரிட்டனுக்கு இறைச்சியோ நெய், பால்கோவா போன்ற பால் பொருள்களோ கொண்டுபோக அனுமதி இல்லை. குழந்தைக்கான பால்மாவை அசல் பொட்டலத்தில், இரண்டு கிலோவுக்குள் கொண்டுபோகலாம்.

விமானத்தில் பதின்மூன்று மணி நேரம்

சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு ஏறத்தாழ 13 முதல் 14 மணி நேரம் ஆகும். பேரப்பிள்ளை மடியில் தூங்கிவிட்டால் நாம் என்ன செய்வோம்? அசைய மாட்டோம். கழிவறைக்குப் போக வேண்டியிருக்கும் என்று தண்ணீரும் குடிக்க மாட்டோம். கால் மரத்துப்போனாலும் பொறுத்துக்கொள்வோம். இது அன்புதான், ஆனால் ஆபத்து. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலின் ஆழமான இரத்த நாளங்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது. வயதாக ஆக அது இன்னும் கூடும்.

அதனால் புறப்படுவதற்கு முன்பே முறை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குழந்தை வேறொருவர் மடிக்கு மாறட்டும். நீங்கள் நடைபாதை ஓர இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். எழுந்து நடங்கள். உட்கார்ந்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள். தண்ணீர் அடிக்கடி குடியுங்கள். முன்பு இரத்தம் உறைந்தவர்களும் அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் அழுத்தக் காலுறை தேவையா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

குழந்தை மடியில் இருக்கும்போது சூடான தேநீரோ காப்பியோ வாங்க வேண்டாம். விமானம் குலுங்கினால் ஒரு நொடி போதும். இருக்கை வாரிலும் கவனம். பணியாளர் தரும் குழந்தை வாரை உங்கள் வாரோடு இணையுங்கள். ஒரே வாருக்குள் இருவரையும் சேர்த்துக் கட்டினால், விமானம் திடீரென்று குலுங்கும்போது உங்கள் எடை முழுவதும் குழந்தையை அழுத்தும்.

விமானம் இறங்கும்போது காது அடைத்து வலிப்பதால் குழந்தை அழும். இறங்கத் தொடங்கியதும் எழுப்பிப் பாலோ தண்ணீரோ கொடுங்கள். விழுங்கும்போது காது திறந்துகொள்ளும்.

தூங்க வைப்பதற்காக இருமல் மருந்து, சளி மருந்து எதையும் கொடுக்காதீர்கள். “எங்கள் காலத்தில் கொடுத்தோம்” என்று சிலர் சொல்வார்கள். சில குழந்தைகள் அதனால் தூங்காமல் இன்னும் பரபரப்பாவார்கள். சிலருக்கு மூச்சு மந்தமாகிவிடும். குழந்தை அழுதால் அழட்டும். பக்கத்தில் இருப்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

போய்ச் சேர்ந்த வீட்டில்

நம் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்த குழந்தைக்கு வீட்டுக்குள் படிக்கட்டு இருப்பது புதிது. லண்டனில் பல வீடுகளில் மாடி உண்டு. படிக்கட்டுக்குத் தடுப்புக் கதவு வாங்கி வைக்கச் சொல்லுங்கள். இரவில் நீங்கள் கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். அது உங்களுக்கு. தெரியாத வீட்டில் இருட்டில் விழுபவர்கள் பெரும்பாலும் நாம்தான்.

உடல் புதிய நேரத்துக்குப் பழக, ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். முதல் சில நாட்கள் குழந்தை விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே எழும். வீடே தூங்கும் நேரம் அது. அந்த நேரத்துக்கு யார் விழித்திருப்பது என்று முறை போடுங்கள். எல்லா நாளும் பாட்டியின் பொறுப்பு என்று விட்டுவிடக் கூடாது. மாலையில் வெளிச்சத்தில் குழந்தையோடு நடந்து வாருங்கள். இருவருக்கும் நல்லது.

வீட்டுக்குள் நுழைந்ததும், பெட்டியைத் திறப்பதற்கு முன்பே, “என் மருந்தை எங்கே வைப்பது?” என்று கேளுங்கள். உயரமான, பூட்டக்கூடிய அலமாரி வேண்டும். கட்டில் அருகே வேண்டாம். தலையணைக்கு அடியில் வேண்டாம். நாற்காலியில் தொங்கும் கைப்பையிலும் வேண்டாம். குழந்தையின் கண் முன்னே மாத்திரை விழுங்காதீர்கள், அதை மிட்டாய் என்று விளையாட்டுக்கும் சொல்லாதீர்கள்.

காரில் போகும்போது குழந்தைக்கு உரிய இருக்கை வேண்டும். மடியில் வைத்துக்கொள்வது பாதுகாப்பல்ல.

விழுங்கிவிட்டால் என்ன செய்வது?

நமக்கு ஒரு மாத்திரை சாதாரணம். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு அப்படி அல்ல. கிளிப்பிசைடு, கிளிக்லசைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளிலும் சில இரத்த அழுத்த மாத்திரைகளிலும் ஒன்றே ஒன்றுகூடக் குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகலாம். அறிகுறி தெரியப் பல மணி நேரம் ஆகலாம். குழந்தை நன்றாக விளையாடுகிறது என்று காத்திருக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயில் மிச்சம் இருந்தால் எடுத்துவிட்டு உடனே உதவிக்கு அழையுங்கள். சிங்கப்பூரில் 995, பிரிட்டனில் 999. விமானத்தில் என்றால் பணியாளரிடம் அப்போதே சொல்லுங்கள். மருந்து அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். திட்டுவார்களோ என்று பயந்து மறைக்காதீர்கள். நீங்கள் உடனே சொல்வதுதான் குழந்தையைக் காப்பாற்றும்.

உங்கள் உடலையும் கவனியுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ அவசர உதவிக்கு அழையுங்கள். திரும்பி வந்து சில வாரம் கழித்துக்கூட இது நடக்கலாம். மருத்துவரிடம் “விமானத்தில் போய் வந்தேன்” என்று மறக்காமல் சொல்லுங்கள்.

சென்ற ஆண்டு மறுபடியும் லண்டன் போனோம். இம்முறை பட்டியலின் முதல் பக்கம் அம்மாவுடையது. மருந்து, ஓர இருக்கை, முறை மாற்றும் நேரம், அலமாரிச் சாவி எல்லாம் அதில் இருந்தன. சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டு, அம்மா பேரனைத் தூக்கிக்கொண்டு பூங்காவுக்குப் போனார்.

இன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளிடம் கேளுங்கள்: “பட்டியலில் என் பக்கம் எங்கே?” கேட்பதில் வெட்கம் வேண்டாம்.