சவுத்வெல் ஏழையர் இல்லம்
(அறக்கட்டளைக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



உதவி கேட்டு வருபவரை எப்படி நடத்துகிறோம் என்பதைக் கட்டடமே காட்டிக் கொடுத்துவிடும். இங்கிலாந்தில் அப்படியொரு கட்டடம் இன்றும் நிற்கிறது.

நாட்டிங்ஹாம்ஷயர் மாவட்டத்தில் சவுத்வெல் என்றொரு சிற்றூர். ஏழைகளைப் பராமரிக்க வசூலித்த வரி ஏறிக்கொண்டே போன காலம். 1824-இல் 49 ஊர்கள் சேர்ந்து 158 பேர் தங்கும் இல்லமொன்றை அங்கே எழுப்பின. திட்டம் பாதிரியார் ஜான் பீச்சருடையது. வரைபடம் வில்லியம் ஆடம்ஸ் நிக்கல்சனுடையது.

வெளியே பார்த்தால் செல்வந்தர் மாளிகை போன்ற மூன்று மாடிச் செங்கல் கட்டடம். உள்ளே எல்லாம் பிரிவினை. ஆண்கள் ஒருபுறம், பெண்கள் ஒருபுறம், பிள்ளைகள் தனியே. முதியோரும் நோயாளிகளும் ஒரு வகை; உடலில் வலுவுள்ளவர்கள் இன்னொரு வகை. ஒவ்வொரு பிரிவுக்கும் தனி முற்றம், தனி மாடிப்படி. கணவனும் மனைவியும் ஒரே கூரையின் கீழ் இருந்தும் சந்திக்க முடியாது. நடுவில் மேலாளரின் குடியிருப்பு. அதன் சன்னல்களிலிருந்து முற்றங்களைக் கண்காணிக்கலாம். வலுவுள்ளவர்களுக்குக் கல் உடைத்தல், பழைய தார்க்கயிற்றை விரலால் பிரித்து நாராக்குதல் போன்ற வேலைகள்.

அங்கே உணவு இருந்தது, மருத்துவம் இருந்தது, பிள்ளைகளுக்குப் படிப்பும் இருந்தது. வெளியே பல ஏழைகளுக்கு இவை கிடைக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் வேறு வழியே இல்லாதவர் மட்டுமே வாசலை மிதிக்க வேண்டும் என்பதே நோக்கம். செலவு குறைந்தது. அதைக் கண்டு, 1834-இல் வந்த புதிய ஏழையர் சட்டம் இந்த முறையை நாடெங்கும் பரப்பியது. நூற்றுக்கணக்கான இல்லங்கள் எழுந்தன. பசித்தாலும் அங்கே போகமாட்டோம் என்று மக்கள் அஞ்சினார்கள். அந்த அச்சத்தையும் கணக்குப் புத்தகம் சிக்கனம் என்றே எழுதிக்கொண்டது.

1948-இல் ஏழையர் சட்டம் ஒழிந்தது. 2002 முதல் சவுத்வெல் இல்லம் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது.

சகோதரர்களே, விண்ணப்பங்கள் குறைந்தால் வறுமை குறைந்தது என்று நாம் மகிழ்ந்துவிடக் கூடாது. நம் அலுவலகத்தில் ஒரு விதவைச் சகோதரி தன் கஷ்டத்தைப் பத்துப் பேர் காதில் விழும்படி சொல்ல வேண்டியிருக்கிறதா? உதவி பெறுபவரைப் படம் எடுக்கிறோமா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் இன்றைய கூட்டத்திலேயே முடிவெடுப்போம்.