தொப்பியும் நட்சத்திரமும்: லாஸ் ஏஞ்சலஸ் ஷெரிஃபைக் கேள்வி கேட்பது யார்?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)

ஷெரிஃப்னு சொன்னதும் பலருக்கும் கௌபாய் படம்தான் ஞாபகம் வரும். குதிரை, தொப்பி, நெஞ்சில் ஒரு நட்சத்திரம். சென்னையிலும் ஒரு காலத்தில் ஷெரிஃப் இருந்தார். ஆனா அது வெறும் கௌரவப் பதவி. அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே ஷெரிஃப் கையில் துப்பாக்கியும் இருக்கு, சிறைச்சாலையின் சாவியும் இருக்கு. இன்றைக்கு லாஸ் ஏஞ்சலஸ் கவுண்ட்டி ஷெரிஃப் அலுவலகத்தின் கதையைப் பார்ப்போம்.

முதல்ல கவுண்ட்டின்னா என்ன? கிட்டத்தட்ட நம்ம மாவட்டம் மாதிரி. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்ட்டிக்குள்ள 88 நகரங்கள், சுமார் ஒரு கோடி மக்கள். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்குத் தனிப் போலீஸ் உண்டு. சினிமாவில் வரும் எல்.ஏ.பி.டி. அதுதான். ஷெரிஃப் வேற. நகர எல்லைக்கு வெளியே இருக்கும் பகுதிகள், காசு கொடுத்து ஷெரிஃபின் சேவையை வாங்கிக்கொள்ளும் 40க்கும் மேற்பட்ட சின்ன நகரங்கள், கவுண்ட்டியின் சிறைகள், இதெல்லாம் அவர் பொறுப்பு.

முக்கியமான விஷயம், ஷெரிஃபை மக்கள்தான் தேர்ந்தெடுக்கணும்னு கலிஃபோர்னியா அரசியல் சட்டமே சொல்லுது. நம்ம ஊர் எஸ்.பி.யை அரசு ஒரே உத்தரவில் இடம் மாற்றிடும். ஷெரிஃபை அப்படி மாற்ற முடியாது. கவுண்ட்டியை நிர்வகிக்க மேற்பார்வையாளர்கள் ஐந்து பேர் இருக்காங்க. பட்ஜெட் அவங்க கையில். ஆனா ஷெரிஃப் அவங்களுக்குக் கீழே வேலை செய்பவர் இல்லை. நல்ல ஏற்பாடுதானே, மக்களே தேர்ந்தெடுக்கிறாங்க, மக்களே மாற்றலாமேன்னு தோணும். நடந்தது என்னன்னு பாருங்க.

அலுவலகம் தொடங்கியது 1850இல். முதல் ஷெரிஃப் ஜார்ஜ் பர்ரில். அது கொலையும் கொள்ளையும் மலிந்த காலம். 1857இல் ஒரு கொள்ளைக் கூட்டத்தைத் துரத்திப் போன ஷெரிஃப் ஜேம்ஸ் பார்ட்டன் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே இன்னொரு ஷெரிஃப் வில்லியம் கெட்மன் பலியானார். அன்றைக்கு இந்த நாற்காலியில் உட்காருவதே உயிருக்கு ஆபத்து.

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால் கதை தலைகீழ். உட்கார்ந்தவரை எழுப்பவே முடியலை. 1932இல் யூஜின் பிஸ்கைலஸ் வந்தார். தேர்தலில் ஜெயிச்சு இல்லை. முந்தைய ஷெரிஃப் காங்கிரஸுக்குப் போனதால் மேற்பார்வையாளர்கள் நியமிச்சாங்க. 1958 வரை இருந்தார். அடுத்து அவருடைய துணை ஷெரிஃப் பீட்டர் பிட்செஸ், 1982 வரை. அவருக்குப் பின் அதே அலுவலகத்தைச் சேர்ந்த ஷெர்மன் பிளாக், 1998 வரை. அவரும் முதலில் நியமனமாக வந்தவர்தான். 66 வருஷம், மூணே பேர்! தேர்தல் நடந்தது உண்மை. ஆனா பதவியில் இருப்பவராகப் போட்டியிட்டால் தோற்பது அபூர்வம்.

இதில் பிட்செஸ் பெயருக்கு ஒரு வேடிக்கையான விதி. ஷெரிஃப் காவலர்களைத் தாக்கினார் என்று ஒருவர் மேல் வழக்கு. ‘நான் தற்காப்புக்காகத்தான் கைநீட்டினேன், இந்தக் காவலர்கள் இதுக்கு முன்னாடியும் ஆட்களை அடிச்சிருக்காங்களா, அந்தப் புகார்க் கோப்புகளைக் காட்டுங்க’ என்று அவர் கேட்டார். பிட்செஸ் மறுத்தார். 1974இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், கேட்க உரிமை உண்டு என்றது. இன்றைக்கும் அப்படிப்பட்ட மனுவுக்கு ‘பிட்செஸ் மனு’ன்னுதான் பெயர். கோப்பை மூடி வைக்க நினைச்சவர் பெயரே, அதைத் திறக்கும் மனுவுக்கு ஆயிடுச்சு.

1998 தேர்தல் இன்னும் விநோதம். பிளாக்கை எதிர்த்து நின்றவர் அவர் துறையிலேயே இருந்த லீ பாக்கா. வாக்குப்பதிவுக்கு ஐந்து நாள் முன்னால் பிளாக் இறந்துவிட்டார். வாக்குச்சீட்டில் பெயர் அப்படியே இருந்தது. அவருக்கே போடுங்கள், ஜெயித்தால் மேற்பார்வையாளர்கள் வேறொருவரை நியமிக்கட்டும் என்று ஆதரவாளர்கள் பிரசாரம் செய்தார்கள். இறந்தவருக்கு லட்சக்கணக்கில் வாக்கு விழுந்தது! ஆனாலும் பாக்கா ஜெயித்தார்.

பாக்கா காலத்தில்தான் சிறைக்குள் நடந்தது வெளியே வந்தது. கைதிகளைக் காவலர்கள் அடிப்பதாகப் புகார்கள். எஃப்.பி.ஐ. ஒரு கைதியையே ரகசியத் தகவலாளியாக வைத்திருந்தது. 2011இல் அவரிடம் ஒரு செல்போன் பிடிபட்டது. ஷெரிஃப் ஆட்கள் என்ன செய்தார்கள்? அந்தக் கைதியை எஃப்.பி.ஐ. கண்ணில் படாமல் பொய்ப் பெயர்களில் மறைத்தார்கள். விசாரித்த எஃப்.பி.ஐ. அதிகாரியின் வீட்டுக்கே போய், உங்களைக் கைது செய்வோம்னு மிரட்டினார்கள். யோசிச்சுப் பாருங்க, போலீஸே விசாரணையைத் தடுக்குது.

பாக்கா 2014 ஜனவரியில் பதவி விலகினார். அவருக்கு அடுத்த இடத்தில் இருந்த பால் டனாகாவுக்கு ஐந்து வருஷ சிறை. 2017இல் பாக்காவுக்கு மூன்று வருஷம். நாட்டிலேயே மிகப் பெரிய ஷெரிஃப் துறையை 15 வருஷம் நடத்தியவர் கடைசியில் கைதியானார். அவரைப் பிடித்தது வாக்குச்சீட்டு இல்லை, மத்திய அரசின் வழக்கு. அதுக்கு முன்னாடி நாலு தேர்தலில் அவர் ஜெயிச்சிருந்தார்.

அதன் பிறகு மக்கள் உண்மையிலேயே விழித்துக்கொண்டார்கள். வெளியிலிருந்து வந்த ஜிம் மெக்டானலை 2018இல் அலெக்ஸ் வில்லனுவேவா தோற்கடித்தார். பதவியில் இருக்கும் ஷெரிஃப் தோற்பது நூறு வருஷத்துக்கும் மேலாக நடக்காத ஒன்று. ஆனா அவரும் மக்கள் கண்காணிப்புக் குழுவோடு மோதினார். அந்தக் குழுவுக்குச் சாட்சிகளை அழைக்கும் அதிகாரத்தை மக்களே 2020இல் வாக்களித்துக் கொடுத்திருந்தார்கள். அழைப்பாணை வந்தும் அவர் ஆஜராக மறுத்தார்.

2022 நவம்பரில் ஒரே நாளில் மக்கள் இரண்டு முடிவு எடுத்தார்கள். வில்லனுவேவாவை இறக்கி ராபர்ட் லூனாவை உட்கார வைத்தார்கள். கூடவே, தக்க காரணம் இருந்தால் ஐந்து மேற்பார்வையாளர்களில் நான்கு பேர் சேர்ந்து ஷெரிஃபை நீக்கலாம் என்ற விதிக்கும் சம்மதம் கொடுத்தார்கள்.

இது சரியா? இதை எதிர்ப்பவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கு. லட்சக்கணக்கானவர்கள் தேர்ந்தெடுத்தவரை நாலு பேர் நீக்கலாமா? அந்த நாலு பேரையே ஷெரிஃப் விசாரிக்க வேண்டி வந்தால்? லேசான கேள்வி இல்லை. ஆனா நான் இந்த வரலாற்றைப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகத் தெரியுது. சிறைக்குள் அடி வாங்குகிறவருக்கு, நாலு வருஷத்துக்கு ஒருமுறை வரும் தேர்தல் ரொம்ப தூரம். அவருக்கு உடனே தேவை, கோப்பைத் திறக்க ஒரு மனு, உள்ளே வந்து பார்க்க ஒரு குழு, சாட்சியை அழைக்க ஓர் ஆணை. வாக்கு யாரை உட்கார வைப்பது என்று முடிவு செய்யும். உட்கார்ந்த பிறகு அவர் என்ன செய்கிறார் என்று பார்க்க வேறு கண்கள் வேணும்.

நம்ம ஊர்லயும் போலீஸ் யாருக்குப் பதில் சொல்லணும்னு பேசும்போது இதை ஞாபகம் வச்சுக்கலாம். உங்க கருத்தை எழுதுங்க. அடுத்த பகுதியில் சந்திப்போம்.