சர்வகலாசாலையும் கூலிக்காரனும்



பொருளாதாரத்தைப் பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டிருக்கிறார்கள். அது பி.ஏ., எம்.ஏ. படித்தவர்கள் சமாச்சாரம், நமக்கென்ன வேலையென்று உங்களில் சிலர் நினைக்கலாம். நாமும் காலேஜ் படியை மிதித்தவர்களல்ல. ஆனால் சர்வகலாசாலை நடப்பது யார் பணத்தில்? அந்தப் பக்கமே எட்டிப் பாராத உழவனும் கூலிக்காரனும் வாங்குகிற சாமானுக்கெல்லாம் கொடுக்கும் வரியில்தானே? ஆதலால் அங்கு உட்கார்ந்து படிக்கிறவர்கள் நமக்கு என்ன செய்தார்களென்று கேட்க நமக்குப் பூரண பாத்தியதை உண்டு. அப்படிக் கேட்டுப் பதிலும் வாங்கிய ஒரு மாகாணத்தைப் பற்றியே சொல்லப் போகிறோம்.

அமெரிக்காவில் விஸ்கான்ஸின் என்பது பாலுக்கும் பாலாடைக்கட்டிக்கும் பேர்போன மாகாணம். அதன் தலைநகரான மாடிஸனில் ஒரு தெருவின் ஒரு கோடியில் சட்டசபை, மறு கோடியில் சர்வகலாசாலை. இடையே சுமார் ஒரு மைல். கிட்ட இருந்தால் மட்டும் போதுமா? கோவில் மதிலுக்குப் பக்கத்திலேயே பட்டினி கிடக்கிறவன் இல்லையா? நடந்து போய்வர ஆள் வேண்டும்.

1894-ல் அங்கு ரிச்சர்டு ஈலி என்ற பொருளாதார ஆசிரியர், வேலைநிறுத்தக்காரர்களுக்கு ஆதரவு காட்டுகிறார் என்று புகார் கிளம்பிற்று. நிர்வாக சபையார் விசாரித்து, குற்றமில்லையென்று விட்டதோடு, எந்தக் கொள்கையையும் சலித்துப் புடைத்துப் பார்த்துத்தான் உண்மையைக் கண்டுபிடிக்க வேண்டும், அதற்குத் தடை கூடாது என்ற கருத்தில் ஒரு தீர்மானமும் செய்தார்கள். அந்த ஈலிதான் 1904-ல் ஜான் காமன்ஸ் என்பவரை அழைத்து வந்தார். காமன்ஸோ 1899-ல் வேறொரு சர்வகலாசாலையில் உத்தியோகம் பறிபோனவர்.

அக்காலத்தில் ஆலையில் ஒருவன் கை போனால் என்ன கதியென்று பாருங்கள். அவன் கோர்ட்டுக்குப் போக வேண்டும். முதலாளியின் வக்கீல் மூன்று சமாதானங்களை வைத்திருப்பார்: ஆபத்துத் தெரிந்துதானே வேலைக்கு வந்தாய்? உன் கூட வேலை செய்பவன் தப்பினால்தானே விபத்து? உன் அஜாக்கிரதையும் கொஞ்சம் இல்லையா? இதில் ஒன்று செல்லுபடியானாலும் காசு கிடைக்காது. பாதிரியார் வந்து ஆண்டவன் சித்தமென்று ஆறுதல் சொன்னால் அதுதான் மிச்சம்!

காமன்ஸும் அவருடைய மாணவர்களும் கோட்பாட்டோடு நிற்கவில்லை. ஆலைகளுக்குப் போனார்கள், முதலாளியையும் தொழிலாளியையும் விசாரித்தார்கள், பிற நாட்டுச் சட்டங்களைப் பார்த்தார்கள். 1911-ல் விஸ்கான்ஸினில் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. யார் குற்றமென்ற வழக்கே இல்லை. வேலையில் காயம்பட்டால் பணம் கொடுக்க வேண்டியது. விபத்து அதிகமான ஆலைக்கு இன்ஷியூரன்ஸ் கட்டணமும் அதிகம். இதுதான் அதிலுள்ள சூட்சுமம். நேற்றுவரை இயந்திரத்துக்கு ஒரு மூடி போட மனமில்லாத முதலாளி, கட்டணம் ஏறுகிறதென்றதும் தானே மூடி போட ஆரம்பித்தான். கடவுள் சித்தம் கணக்குப் புஸ்தகத்துக்கு அடங்கியது எப்படியென்று பக்தர்கள்தான் சொல்ல வேண்டும். அதே வருஷம் ஏற்பட்ட தொழில் கமிஷனில் காமன்ஸ் 1913 வரை அங்கத்தினராயிருந்து, பாதுகாப்பு விதிகளை இரு தரப்பாரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தே செய்தார்.

அதற்காக அவரை ரிஷியாக்கிவிட வேண்டாம். இதே காமன்ஸ் 1907-ல் அமெரிக்காவில் குடியேறினவர்களைப் பற்றி எழுதிய புஸ்தகத்தில், சில ஜாதி மக்கள் பிறவியிலேயே மட்டம் என்று எழுதி வைத்திருக்கிறார். அங்கே சலிப்பும் இல்லை, புடைப்பும் இல்லை; தெருவில் கிடந்த துவேஷத்தைப் பொறுக்கியெடுத்து அட்டை போட்டதுதான். விபத்துக் கணக்கை எடுத்துக் கொள்வோம், அந்தப் புஸ்தகத்தைக் குப்பையில் போடுவோம். ஆசிரியர் சொன்னாரென்பதற்காக நம்புவதானால் வேதத்தோடேயே இருந்துவிடலாமே!

அடுத்தது வேலையில்லாத் திண்டாட்டம். விபத்துக்குச் செய்ததை இதற்கும் செய்யலாமென்று 1921-ல் காமன்ஸ் ஒரு மசோதா தயாரித்தார். அது தோற்றது. அந்தப் பத்து வருஷத்தில் திரும்பத் திரும்பத் தோற்றது. 1929-க்குப் பிறகு ஆலைகள் மூடப்பட்டு, சோம்பேறியென்று பேர் வாங்காதவனும் தெருவில் நின்றபோதுதான் சட்டசபைக்குக் கண் திறந்தது. காமன்ஸின் மாணவரும், சர்வகலாசாலையில் பொருளாதாரம் போதித்தவரும், சட்டசபை அங்கத்தினருமான ஹெரால்டு குரோவ்ஸ் கொண்டுவந்த மசோதா, தொழிற் சங்கத்தாரின் ஆதரவுடன் 1932 ஜனவரியில் சட்டமாயிற்று. அமெரிக்காவில் இதுதான் முதலாவது. ஒவ்வொரு முதலாளியும் தன் ஆட்களுக்கென்று தனி நிதி வைக்க வேண்டும். அதிகம் பேரைத் தள்ளினால் அதிகம் கட்ட வேண்டும். எல்லோர் பணத்தையும் ஒரே நிதியில் சேர்த்தால்தான் தாங்குமென்று ஒஹையோ மாகாணத்து நிபுணர்கள் வாதித்தார்கள். பெரிய மந்தத்தில் ஒரு ஆலையின் நிதி எத்தனை நாள் வரும்? இதில் ஒஹையோக்காரர் பக்கமே நியாயம் அதிகமென்பது நமது அபிப்பிராயம்.

1936 ஆகஸ்டில் மாடிஸனில் ஒரு தொழிலாளிக்கு 15 டாலர் செக் கொடுக்கப்பட்டது. பிச்சையல்ல, தர்மமல்ல, பாத்தியதைப் பணம். அதற்குள் காமன்ஸின் மற்றொரு மாணவர் எட்வின் விட்டி, வாஷிங்டனுக்கு அழைக்கப்பட்டு, 1935-ம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்துக்கான வேலையை நடத்தி முடித்திருந்தார்.

ஆனால் அந்தச் சட்டம் யாரை வெளியே நிறுத்தியது தெரியுமா? வயலில் வேலை செய்பவனையும், வீட்டுவேலை செய்பவளையும். தென் மாகாணங்களில் கறுப்பு மக்கள் பெரும்பாலும் செய்தது இந்த வேலைகளைத்தான். கணக்குப் போட்டவர்களுக்கு இவர்கள் கண்ணில் படாமலில்லை. சட்டசபையில் கேட்க இவர்களுக்கு ஆளில்லை. வயோதிக பென்ஷனில் இவர்களில் ஒரு பகுதியாரைச் சேர்க்கவே 1950 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. வேலையில்லாத காலப் பணம் பெரும்பண்ணைக் கூலிகளுக்கு நாடு முழுவதும் கிடைக்க 1976-ல் வேறு சட்டம் வேண்டியிருந்தது.