லக்னமும் ராசியும் ஒன்றானால்: நிலா உதிக்கும் நேரத்துப் பிள்ளைகள்

போன எபிசோடுல நவாம்சம் பத்திப் பேசினோம். அதுக்கப்புறம் வந்த வாய்ஸ் மெசேஜ்ல திரும்பத் திரும்ப ஒரே கேள்வி. "எனக்கு லக்னமும் அதேதான், ராசியும் அதேதான். ரெண்டும் ஒண்ணா இருந்தா நல்லதா, கெட்டதா?" சிலர் இதையே இங்கிலீஷ்ல படிச்சுட்டு, "நான் டபுள் ஸ்கார்பியோவாம், உண்மையா?"ன்னு கேட்டிருந்தாங்க. அதனால இன்னைக்கு அந்த ஒரு விஷயம் மட்டும்.

முதல்ல ஒரு சின்னத் தெளிவு. நம்ம ஜோதிடத்துல "இரட்டை ராசி"ன்னு சொன்னா அது வேற. ரிஷபம், கடகம், கன்னின்னு எண்ணிக்கையில இரட்டைப்படையா வர்ற ராசிகளைச் சொல்றது. நாம பேசப் போறது அது இல்ல. நீங்க பிறந்த நேரத்துல கிழக்கு அடிவானத்துல உதிச்சுக்கிட்டு இருந்த ராசி லக்னம். சந்திரன் நின்ன ராசி, ஜென்ம ராசி. இந்த ரெண்டும் ஒரே கட்டத்துல விழுந்தா என்ன ஆகும்ங்கறதுதான் கேள்வி.

ஜாதகக் கட்டத்தை மறந்துட்டு கொஞ்சம் வானத்தைப் பாருங்க. லக்னம்னா கிழக்கு அடிவானம். சந்திரனும் அதே ராசியில இருக்குன்னா, சந்திரன் கிழக்கு அடிவானத்துக்குப் பக்கத்துல இருக்குன்னு அர்த்தம். அதாவது நீங்க பிறந்தது நிலா உதிக்கிற நேரத்தை ஒட்டி. இதை எந்த ஜோதிடரும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்ல, ஆனா கணக்கு இதுதான். பௌர்ணமிக்குப் பிறந்திருந்தா உங்க நேரம் சாயங்காலம், சூரியன் மறையற நேரம். அமாவாசைன்னா விடியற்காலை. நடுவுல இருக்கிற நாட்கள்ல நிலா தினமும் சராசரியா 50 நிமிஷம் தள்ளித் தள்ளி உதிக்கும், அதோட சேர்ந்து இந்த நேரமும் தள்ளிப் போகும்.

இது எவ்வளவு அபூர்வம்? ஒண்ணும் அபூர்வம் இல்லீங்க. சந்திரன் ஒரு ராசியில சுமார் ரெண்டே கால் நாள் இருக்கும். ஆனா லக்னம் 24 மணி நேரத்துல பன்னிரண்டு ராசியையும் சுத்தி வந்துடும். அப்ப தினமும் சுமார் ரெண்டு மணி நேரம், லக்னமும் ராசியும் ஒண்ணா இருக்கும். பன்னிரண்டு பேர்ல ஒருத்தர். ஒரு கல்யாண மண்டபத்துல 600 பேர் பந்தியில உக்காந்தா, அதுல 50 பேர் உங்க கேஸ்தான். யாராவது "கோடியில ஒருத்தருக்கு வர்ற அமைப்பு"ன்னு சொல்லி பரிகாரத்துக்குப் பணம் கேட்டா, இந்த ஐம்பது பேரை நினைச்சுக்கோங்க.

மேலைநாட்டு முறையில கதை கொஞ்சம் மாறுது. அங்க "உன் ராசி என்ன"ன்னு கேட்டா சூரியன் இருக்கிற ராசியைத்தான் சொல்வாங்க. அதனால "டபுள்"ங்கறது சூரியனும் சந்திரனும் ஒரே ராசியில இருக்கிறது, இல்லேன்னா சூரியனும் லக்னமும் ஒரே ராசியில இருக்கிறது. முதலாவது, அமாவாசையை ஒட்டிப் பிறந்தவங்க. ரெண்டாவது, சூரிய உதயத்தை ஒட்டிப் பிறந்தவங்க. அதோட அவங்க ராசிச் சக்கரத்துக்கும் நம்மதுக்கும் இப்ப சுமார் 24 பாகை வித்தியாசம். இதைத்தான் அயனாம்சம்னு சொல்றோம்.

இதனால ஒரு வேடிக்கை நடக்கும். நவம்பர் 10-ஆம் தேதி பிறந்த ஒருத்தரை எடுத்துக்கோங்க. மேலைநாட்டுக் கணக்குல சூரியன் ஸ்கார்பியோவுல 18 பாகை. சந்திரன் அதே ஸ்கார்பியோவுல 27 பாகைன்னு வைப்போம். அவர் டபுள் ஸ்கார்பியோ. நம்ம கணக்குக்கு வாங்க, ரெண்டுலயும் 24-ஐக் கழிங்க. சூரியன் துலாத்துல 24-க்குப் போயிடும். அது ஐப்பசி மாசம், சரிதானே? சந்திரன் மட்டும் விருச்சிகத்துல 3 பாகையில நிக்கும். இரட்டை ஒத்தையாயிடுச்சு! அதனால இன்ஸ்டாகிராம்ல படிச்ச டபுளை நம்ம ஜாதகத்து மேல ஒட்டாதீங்க. ரெண்டும் வேற வேற அளவுகோல்.

சரி, குணத்துக்கு வருவோம். லக்னம் உயிர், ராசி உடல்னு சொல்ற மரபு ஒண்ணு இருக்கு. லக்னம் வெளித்தோற்றம், சந்திரன் மனசுன்னு சொல்ற மரபும் இருக்கு. எதை எடுத்தாலும், பெரும்பாலானவங்களுக்கு இது ரெண்டு வேற வேற ராசியா இருக்கும். சிம்ம லக்னம், கடக ராசிக்காரர் ஒருத்தரை நினைச்சுக்கோங்க. கூட்டத்துல நாற்காலியைப் போட்டுத் தலைமை தாங்குவார். ராத்திரி படுத்தப்புறம், "அந்தப் பையனை எல்லார் முன்னாடியும் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாமோ"ன்னு புரண்டுக்கிட்டு இருப்பார். இது மரபு சொல்ற சித்திரம். வெளியில ஒரு ஆள், உள்ளே ஒரு ஆள். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கொஞ்சம் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருப்பாங்க.

ரெண்டும் ஒண்ணா இருக்கறவங்ககிட்ட இந்த இழுபறி இல்லைன்னு சொல்வாங்க. முகத்துல தெரியறதுதான் மனசுலயும். இதை உடனே "வெள்ளந்தியான மனுஷன், நல்லவர்"னு எடுத்துக்கக் கூடாது. ஒரே குணம் ரெண்டு மடங்கு ஆகுது, அவ்வளவுதான். இரட்டை மிதுனம் வெளியிலயும் பேசிக்கிட்டு இருக்கும், வாயை மூடினாலும் உள்ளே பேச்சு ஓடிக்கிட்டே இருக்கும். தூக்கம் வராதுன்னு சொல்றவங்க இதுல அதிகம்னு பழைய ஜோதிடர்கள் சொல்வாங்க. இரட்டை ரிஷபத்துல சந்திரன் உச்சம். சாப்பாடு, சேமிப்பு, சொன்ன சொல், எதுலயும் அசைக்க முடியாது. சந்தோஷமா இருக்கிறவரைக்கும் வீட்டுக்கே தூண். ஒரு தடவை "மாட்டேன்"னு சொல்லிட்டா அந்தத் தூண் வாசலை மறிச்சுக்கிட்டு நிக்கும்.

என் பார்வையில முக்கியமான விஷயம் குணம் கூட இல்ல, பலன் பார்க்கிற முறை. ஒரு நல்ல ஜோதிடர் எதையும் லக்னத்துல இருந்து ஒரு தடவை எண்ணுவார், ராசியில இருந்து ஒரு தடவை எண்ணுவார். ரெண்டும் ஒத்துப்போனா அழுத்திச் சொல்வார். ஒத்துப்போகலேன்னா குரலைக் குறைச்சுக்குவார். உங்களுக்கு ரெண்டும் ஒரே இடத்துல இருந்தே தொடங்குது. ரெண்டாவது சாட்சி இல்லாத வழக்கு மாதிரி. ஏழரைச் சனி வந்தா ஜென்மச் சனி லக்னத்து மேலயும் நிக்கும். குரு வந்தாலும் ரெண்டுக்கும் சேர்த்து வரும். அதனாலதான் இந்த ஜாதகங்களைப் பார்க்கிறவங்க எல்லாத்தையும் ஒரு படி கூட்டிச் சொல்லிடறாங்க. பயமுறுத்தறதும் கூடுது, புகழறதும் கூடுது.

இந்த இடத்துல ஒரு அக்கா அனுப்பின மெசேஜ். பேர், ஊர் வேண்டாம். அவங்க மகளுக்கு 11 வயசு, விருச்சிக லக்னம், விருச்சிக ராசி, அனுஷம். பிறந்தப்பவே குடும்ப ஜோதிடர், "சந்திரன் நீச்சம், லக்னத்துலயே தேள்"னு சொல்லிட்டாராம். "அண்ணா, அவ கோவிச்சுக்கிட்டுப் பேசாம இருந்தா, என் மாமியார் 'ரெண்டு கொடுக்கு இருக்குல்ல, சும்மாவா'ன்னு சொல்றாங்க. ஸ்கூல்ல ஒரு பொண்ணோட சண்டை. ஏன்னு கேட்டா, 'நான் விருச்சிகம்தானே, அப்படித்தான் இருப்பேன்'னு இவளே சொல்றா. எனக்குப் பயமா இருக்கு"ன்னு சொல்லியிருந்தாங்க.

அக்கா, ஜாதகத்துக்குள்ளயே முதல்ல பதில் சொல்றேன். நீச்சம்னு சொன்னவர், விருச்சிக லக்னத்துக்குச் சந்திரன் யாருன்னும் சொல்லியிருக்கணும். ஒன்பதாம் இடமான கடகத்துக்கு அதிபதி, பாக்கியாதிபதி. பாக்கியாதிபதி லக்னத்துல உக்காந்திருக்கார். ஸ்திர லக்னத்துக்கு அதே ஒன்பதாம் இடம் பாதக ஸ்தானமும் ஆகும்னு ஒருத்தர் வாதம் பண்ணலாம், பண்ணட்டும். ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி ஒரு குழந்தைக்குப் பேர் வைக்கக் கூடாது. செவ்வாயும் சுக்கிரனும் கேந்திரத்துல இருக்காங்களான்னு பார்த்து நீச்சபங்கம் பேசணும். இரட்டை ஜாதகத்துல லக்ன கேந்திரமும் சந்திர கேந்திரமும் ஒரே நாலு கட்டம்தான்ங்கறதால இந்த வாய்ப்பு மத்தவங்களைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனா பார்க்காமலே "இல்லை"ன்னு முடிவு பண்றது என்ன நியாயம்? இன்னொண்ணு, வைகாசிப் பௌர்ணமியில சந்திரன் துலாத்தோட கடைசியிலயோ விருச்சிகத்துலயோதான் நிக்கும். முருகனுக்கு வைகாசி விசாகம் கொண்டாடுற ஊர் நம்ம ஊர். அந்த முழு நிலாவைப் பார்த்து நீச்சம்னு நாம யாரும் கதவைச் சாத்திக்கிறதில்ல.

இப்ப ஜாதகத்துக்கு வெளியில. 1978-ல ஜெஃப் மேயோங்கற பிரிட்டிஷ் ஜோதிடரும், ஹான்ஸ் ஐசங்க்ங்கற உளவியலாளரும், இன்னொரு ஆய்வாளரும் சேர்ந்து ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவங்ககிட்ட குணத்தைப் பத்தின கேள்வித்தாள் கொடுத்து, பதிலைச் சூரிய ராசியோட ஒப்பிட்டாங்க. ஜோதிடம் சொல்ற மாதிரியே ஒரு போக்கு தெரிஞ்சது. ஜோதிடர்களுக்கு ஒரே கொண்டாட்டம். அப்புறம் நோண்டிப் பார்த்தா, அதுல கலந்துக்கிட்டவங்க பலரும் ஜோதிட ஆர்வம் உள்ளவங்க. தன் ராசிக்கு என்ன குணம்னு முன்னாடியே தெரிஞ்சவங்க. ஜெர்மனியில 1979-ல பாவ்லிக், பூஸேன்னு ரெண்டு பேர் பார்த்தப்ப, ராசியைப் பத்தித் தெரிஞ்சு நம்பறவங்ககிட்டதான் அந்தப் போக்கு வந்தது, மத்தவங்ககிட்ட வரலை. ஐசங்க்கும் பின்னாடி அந்த விளக்கத்தை ஏத்துக்கிட்டார்.

ஜோதிடம் பேசுற பாட்காஸ்ட்ல இதை ஏன் சொல்றேன்னு சிலர் கோவிச்சுக்குவீங்க. பரவாயில்ல. உங்க பொண்ணு, "நான் விருச்சிகம்தானே"ன்னு சொன்னது கிரகம் பேசினது இல்லக்கா. பாட்டி பேசினது. அந்தச் சண்டை ஏன் வந்துச்சுன்னு ராசியை விட்டுட்டு மறுபடி கேட்டுப் பாருங்க. யாராவது பேனாவை எடுத்திருப்பாங்க, பேர் வச்சுக் கூப்பிட்டிருப்பாங்க. கொடுக்குன்னு சொல்லி முடிச்சுட்டா அந்தக் காரணம் நமக்குக் கடைசிவரைக்கும் தெரியாமலே போயிடும். பெரியவங்ககிட்ட சண்டை போட வேண்டாம். "அத்தை, அவ காதுல விழற மாதிரி மட்டும் அதைச் சொல்லாதீங்க"ன்னு கேட்டுப் பாருங்க.

அவங்க ஜாதகமும் அனுப்பியிருந்தாங்க. ஆடி மாசம், மதியம் ரெண்டு மணியை ஒட்டி. லக்னம் விருச்சிகத்துல 11 பாகை, சந்திரன் 14 பாகை. லக்னம் ஒரு பாகை நகர சுமார் நாலு நிமிஷம். அப்ப அந்தக் குழந்தை பிறந்து சுமாரா பன்னிரண்டு நிமிஷத்துல நிலா உதிச்சிருக்கு. பட்டப்பகல், ஆஸ்பத்திரியில யாரும் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்க மாட்டாங்க. அவளுக்கு ஏதாவது சொல்லணும்னா இதைச் சொல்லுங்க. அந்த வயசுக்கு இது பிடிக்கும்.

கல்யாணப் பொருத்தம் பத்தியும் கேட்டிருந்தீங்க. கேட்டை மூத்த மைத்துனருக்கு ஆகாது, விசாகம் இளைய மைத்துனருக்கு ஆகாதுன்னு சொல்றாங்களே, லக்னமும் அதே ராசியா இருந்தா தோஷம் ரெண்டு மடங்கான்னு. இல்லைங்க. அந்தப் பேச்சு நட்சத்திரத்தை வச்சுச் சொல்றது. லக்னத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஒரு பொண்ணு நட்சத்திரத்துக்காக ஒரு ஆணோட ஆயுசு குறையும்னு சொல்ற வழக்கத்தை நான் மதிக்கறதும் இல்ல. இதைக் காரணம் காட்டி வரனைத் தட்டிக்கழிக்கறவங்க வீட்டுல பொண்ணு போகாம இருக்கறதே நல்லது.

கடைசியா, "நான் இரட்டை"ன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி பாகையைப் பாருங்க. லக்னம் ராசியோட முதல் ரெண்டு பாகையிலயோ கடைசி ரெண்டு பாகையிலயோ இருந்தா, எட்டு நிமிஷம் தப்பினா லக்னமே மாறிடும். பிறந்த நேரம்னு எழுதினது குழந்தை வெளிய வந்த நேரமா, நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்த நேரமா, வெளிய உக்காந்திருந்த தாத்தாகிட்ட வந்து சொன்ன நேரமா? அம்மாகிட்ட கேளுங்க. சந்திரன் ராசி எல்லையில இருந்தா வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதம் ரெண்டுலயும் போட்டுப் பாருங்க, ராசியே மாறலாம். வெளிநாட்டுல பிறந்த குழந்தைன்னா அந்த ஊர் அட்சரேகையையும் சேர்த்துப் போடணும். சென்னையில எந்த லக்னமும் சுமார் ஒன்றே முக்கால் மணியிலிருந்து ரெண்டே கால் மணி நேரம் வரைக்கும் இருக்கும். லண்டன்ல சில லக்னம் ஒரு மணி நேரம் கூட நிக்காது, சிலது மூணு மணிக்குப் பக்கத்துல இழுக்கும்.

அடுத்த எபிசோடுல ராசியிலயும் நவாம்சத்துலயும் ஒரே இடத்துல நிக்கிற கிரகங்கள், அதாவது வர்கோத்தமம். கேள்வி அனுப்பறவங்க பிறந்த நேரத்தோட ஊரையும் சொல்லுங்க.