முகவரி தவறிய அஞ்சல்



கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கர்நாடக, ஆந்திர எல்லைகளுக்கு அருகே உள்ளது வேப்பனப்பள்ளி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊர். 'பள்ளி' என்று எழுதுவோரும் உண்டு, 'ஹள்ளி' என்போரும் உண்டு. பழைய பகரம் கன்னடத்தில் ஹகரமாயிற்று என்பர் மொழிநூலார். சட்டமன்றத் தொகுதியின் பெயரே வேப்பனஹள்ளி என்று வழங்குகிறது. தபால்காரருக்கு இரண்டும் ஒன்றே. கணிப்பொறிக்கோ ஓரெழுத்து மாறினாலும் ஆள் வேறு.

இதை நான் உணர்ந்தது உறவினர் ஒருவரின் பட்டறையில். ஓசூர் ஆலைகளுக்கு உதிரி பாகங்கள் கடைந்து தருபவர் அவர். மின்னஞ்சல் முகவரியில் 'அட்' குறிக்கு முன்னே ஊர்ப்பெயரையும் பின்னே பட்டறையின் பெயரையும் வைத்திருந்தார். எதிர்பார்த்த ஆர்டர் ஒன்று வரவேயில்லை. அனுப்பியவர் 'ஹள்ளி' என்று எழுதிவிட்டார். சர்வர் அதைத் திருப்பிவிட்டது. திரும்பியதை அங்கே எவரும் கவனிக்கவில்லை. வேலை வேறொருவருக்குப் போயிற்று. இரண்டு மாதம் கடைசல் இயந்திரம் ஒன்று சும்மா நின்றது.

அவர் வேண்டுகோளின்படி நான் ஓர் ஏற்பாடு செய்தேன். அஞ்சல் வந்ததும் சர்வர் முன்பெயரைத் தன் பட்டியலில் தேடும். இருந்தால் உரிய பெட்டியில் இடும். இல்லையேல் 550 என்னும் எண்ணைச் சொல்லி மறுக்கும். 'பட்டியலில் இல்லாத பெயர் எதுவாயினும் இந்த ஒரு பெட்டியில் இடுக' என்று அதற்குக் கட்டளையிடலாம். இதனையே கேட்ச்-ஆல் முகவரி என்பர். ஐந்து நிமிட வேலைதான். நானும் சற்றே பெருமிதம் கொண்டேன்.

பெருமிதம் நீடிக்கவில்லை. விளம்பரக்காரரும் மோசடிக்காரரும் அகராதிப் பெயர்களை ஒவ்வொன்றாய் முன்னே ஒட்டி அனுப்பிப் பார்ப்பர். எதையும் மறுக்காத பெட்டி அவர்களுக்குத் திறந்த சத்திரம். குப்பையினிடையே ஆர்டரைத் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவதாயிற்று.

இவ்வேற்பாட்டிற்கு இன்னொரு முகமும் உண்டு. 2011ஆம் ஆண்டில் பீட்டர் கிம், காரட் கீ என்னும் இரு ஆய்வாளர்கள், பெரிய நிறுவனங்களின் முகவரியில் ஒரு புள்ளி விடுபட்டாற்போன்ற டொமைன்களைத் தாமே பதிவு செய்து, இத்தகைய பெட்டியை வைத்தனர். ஆறு மாதத்தில் விழுந்தவை 1,20,000 அஞ்சல்கள். அவற்றுள் கடவுச்சொற்களும் வணிக மறைபொருள்களும் இருந்தன. அவர்கள் எச்சரிக்கவே செய்தனர். திருடரும் அதே வலையை விரிக்கலாம் அல்லவா?

ஆகவே கேட்ச்-ஆலை மூடினேன். ஒற்றை 'எல்', இரட்டை 'எல்', 'பி', 'எச்' என மக்கள் ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும் ஐந்து விதங்களை மட்டும் மாற்றுப்பெயர்களாகப் பட்டியலில் சேர்த்தேன். சென்ற திங்கள் ஆறாவது விதமாக ஒன்று வந்து, திரும்பிப் போயிற்று. அனுப்பியவர் உடனே தொலைபேசியில் அழைத்து, எழுத்துக்கூட்டிக் கேட்டுக்கொண்டார்.