பக்கத்தின் நெற்றி



அகராதியைப் புரட்டி ஒரு சொல்லைத் தேடுகிறீர்கள். உங்கள் கண் முதலில் எங்கே செல்கிறது? பக்கத்தின் நடுவே செல்வதில்லை. அதன் நெற்றிக்குச் செல்கிறது. அங்கே அச்சிட்டிருக்கும் சொற்கள், இப்பக்கம் எச்சொல்லில் தொடங்கி எச்சொல்லில் முடிகிறது என்று அறிவித்துவிடுகின்றன. தேடும் சொல் அவற்றின் இடைப்பட்டதாயின் நிற்கிறோம். இல்லையேல் மேலும் புரட்டுகிறோம். நெற்றியில் நிற்கும் இவ்வரியே பக்கத் தலைப்பு. அது நூலினுள் நட்ட கைகாட்டி மரம். கைகாட்டி பிழைபட்டால் வழி தவறுகிறவன் அதனை நட்டவன் அல்லன். அதனை நம்பி நடந்தவனே.

இத்தலைப்பை எழுதுபவர் யார்? நூலாசிரியரால் எழுத இயலாது. தாம் எழுதும் வரி எந்தப் பக்கத்தில் விழும் என்பதை அவர் அறியார். ஈய எழுத்துக்களைக் கோத்த நாளில், பக்கம் கட்டும்போதுதான் தலைப்பும் அமைந்தது. இடையில் ஒரு பத்தியைச் சேர்த்தால் பின்வரும் பக்கங்கள் நகரும். தலைப்புகளை மீண்டும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

கணினி இவ்வேலையை ஏற்றுக்கொண்ட வரலாறு சுவையானது. 1977ஆம் ஆண்டில், அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு கனூத், கணினி நிரலாக்கக் கலை பற்றிய தம் நூலின் இரண்டாம் தொகுதிக்கு மறுபதிப்பு அணியம் செய்துகொண்டிருந்தார். புதிய ஒளியச்சு முறையில் கோத்த படிகள் அவரிடம் வந்தன. பழைய பதிப்பின் அழகை அவற்றில் காணாமல் அவர் வருந்தினார். வருந்தியதோடு நில்லாமல், 'டெக்' என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளைத் தாமே படைக்கப் புகுந்தார். அதன்மேல் 'லேடெக்' என்பதை லெஸ்லி லாம்போர்ட் எழுப்பினார். அதற்கு அவர் எழுதிய கையேடு 1986இல் வெளிவந்தது.

லேடெக்கின் அடிப்படைக் கொள்கை எளியது. 'இவ்வரியைப் பெரிய எழுத்தில் இடுக' என்று ஆசிரியர் கூறவேண்டுவதில்லை. 'இஃது அதிகாரத் தலைப்பு' என்று கூறினால் போதும். அதிகாரத் தலைப்பு எவ்வளவு பெரிதாக, எங்கே நிற்கவேண்டும் என்பதை ஆவணப் பாணி என்னும் தனிக் கோப்பு முடிவு செய்கிறது. கட்டுரை, அறிக்கை, நூல் என ஆயத்தமான பாணிகள் உண்டு. 1994இல் வந்த பதிப்பு முதல் அவற்றை ஆவண வகுப்புகள் என்கின்றனர். பாணியில் ஓரிடத்தைத் திருத்தினால் முந்நூறு பக்கமும் அதற்கேற்ப மாறும். கையால் ஒவ்வொரு தலைப்பையும் பெரிதாக்கிச் சென்றவரோ முந்நூறு பக்கத்தையும் மீண்டும் நடந்து தீர்க்கவேண்டும்.

பக்கத் தலைப்பில் இக்கொள்கை இன்னும் நுட்பமாகச் செயற்படுகிறது. டெக் பத்திகளைப் படித்து வரிகளாக்கி அடுக்கிக்கொண்டே போகிறது. போதிய வரிகள் சேர்ந்த பின்னரே பக்கத்தை எங்கே வெட்டுவது என்று துணிகிறது. ஆகவே, தலைப்பைப் படிக்கும்போது அது எந்தப் பக்கத்துக்குரியது என்று மென்பொருளுக்கும் தெரியாது. அதனால், அது கண்ணுக்குத் தெரியாத அடையாளம் ஒன்றை வரிகளிடையே வைத்துச் செல்கிறது. பக்கம் வெட்டுண்டபின், அதில் அகப்பட்ட முதல் அடையாளம் எது, இறுதி அடையாளம் எது என்று பார்த்து நெற்றி வரியை எழுதுகிறது. நூல் வகுப்பில் இடப்பக்கம் அதிகாரத்தின் பெயரையும், வலப்பக்கம் அதன் உட்பிரிவின் பெயரையும் தாங்குவது இவ்வாறுதான். அகராதியின் இரு சொற்களையும் இம்முறையிலேயே அமைக்கலாம்.

அப்படியாயின் பிழையே நேராதா? நேரும். உள்ளடக்கப் பட்டியலை அடுத்து, எண்ணில்லாத அதிகாரமாக முன்னுரையை அமைக்கிறோம் என்று கொள்ளுங்கள். எண்ணில்லாத தலைப்பு புதிய அடையாளத்தை வைப்பதில்லை. அதனால் முன்னுரையின் இரண்டாம் பக்கத்து நெற்றியில் 'உள்ளடக்கம்' என்ற பழைய பெயரே நிற்கும்! அடையாளத்தை ஆசிரியரே வைக்கவேண்டும். நெடிய அதிகாரப் பெயர் நெற்றியில் இடமின்றித் திணறும்; அதற்கெனக் குறும்பெயர் ஒன்றைத் தருதல் வேண்டும். அதிகாரம் எப்போதும் வலப்பக்கத்தில் தொடங்கும் நூலில், இடையே வெற்றுப் பக்கம் விழுந்தால் அதன்மேலும் பழைய தலைப்பு நிற்கும்.

இவற்றை முன்கூட்டியே காண வழி யாது? மாதிரி ஆவணம் ஒன்றை முதலில் அமைப்பதே. அழகான இரு பக்கம் மட்டும் கொண்ட மாதிரி பயன்படாது. அதில் எண்ணில்லாத முன்னுரை இருக்கட்டும். மூன்று வரிக்கு நீளும் அதிகாரப் பெயர் இருக்கட்டும். ஒரே பக்கத்தில் இரு உட்பிரிவுகள் தொடங்கட்டும். வெற்றுப் பக்கமும் விழட்டும். பொருளற்ற சொற்களால் பக்கங்களை நிரப்பினாலும் குற்றமில்லை. பாணி எங்கே முறிகிறது என்று அறிவதே நோக்கம். பொன்னை உரைத்துப் பார்த்த பின்னரே அணி செய்கிறோம் அல்லவா?

உங்களுள் பலர் நாளை ஆய்வேடு எழுதுவீர்கள். ஒப்படைக்கும் நாளின் முந்திய இரவில் தலைப்புகளைத் திருத்த அமர்ந்தால், சிந்தனைக்குரிய பொழுது அலங்காரத்தில் கரையும். அவசரத்தில் பிழையும் நிற்கும். எழுதத் தொடங்குமுன் பாணியை ஒருமுறை வகுத்து, மாதிரியில் சோதித்துவிடுங்கள். பின்னர் உங்கள் மனம் பொருளில் ஊன்றும். என்றோ ஒருநாள் உங்கள் ஏட்டை நடுவில் திறக்கும் முகமறியாத வாசகர், தாம் எங்கே நிற்கிறோம் என்பதை நெற்றி வரியைக் கண்டே அறிவார்.